நிலநடுக்கமும் நங்கூர ஆணியும்

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கே காவிரி; இவற்றிடையே பரந்து கிடக்கிறது சேலம், நாமக்கல் சமவெளி. சமவெளி என்று பெயர் பெற்றிருப்பினும் இது கல்லின் நாடே ஆகும். கஞ்சமலையில் இரும்புக் கல் உண்டு. சேலம் நகரின் வடபால் வெள்ளைக்கல் கிடைக்கிறது. நாமக்கல் ஊரின் நடுவே ஒரே பாறையாக நிமிர்ந்து நிற்கும் குன்றைக் குடைந்து அதியர் மரபினர் திருமாலுக்குக் கோயில் அமைத்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்குள்ள திருவுருவங்கள் இம்மியும் இடம் பெயரவில்லை. அவற்றை எவரும் எங்கிருந்தோ கொணர்ந்து அங்கே பொருத்தவில்லை. அவை அப்பாறையின் பகுதியாகவே பிறந்தவை. பின்னர்க் கொணர்ந்து வைத்த பொருளுக்கு இத்தகைய உறுதி தானாக வாய்ப்பதில்லை. அதனைப் பிடித்து நிறுத்த ஒரு கருவி வேண்டும்.

இக்காலத்துக் கட்டடங்களோ பின்னர்க் கொணர்ந்து வைத்த பொருள்களால் நிறைந்தவை. தூண், உத்தரம், தளம், அடித்தளம் ஆகியவை கட்டடத்தின் எலும்புக்கூடு போன்றவை. சுமையைத் தாங்கி நிலத்திற்கு இறக்குபவை. இவையன்றி வேறு பலவும் கட்டடத்தில் உள்ளன. மாடியின் மேல் தண்ணீர்த் தொட்டி, அதனைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர், உள்ளே பீரோ, புத்தக அடுக்கு, மின்விசிறி, தொங்கு கூரை, கண்ணாடிப் பலகணி, குளிரூட்டும் பெட்டி, தண்ணீர்க் குழாய், மின்மாற்றி, மருத்துவமனையாயின் உயிர்வளி உருளை என அப்பட்டியல் நீளும். இவை கட்டடத்தைத் தாங்குவதில்லை. கட்டடம் இவற்றைத் தாங்குகிறது. ஆதலின் பொறியியலார் இவற்றைத் தாங்கா உறுப்புகள் என்று வகுத்தனர். அப்பெயர் காரணமாகவே இவற்றின்மீது ஒருவகை அலட்சியமும் வந்து சேர்ந்தது. தூணுக்கு எத்தனை கம்பி என்று கேட்கும் வீட்டுக்காரர், தொட்டியை எதனோடு பிணைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது அரிது.

இச்சமவெளியில் நிலம் நடுங்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. இமயமலைச் சாரலோடு ஒப்பிடும்போது தென்னாட்டுப் பாறை மிகப் பழையது, அமைதியானது. சேலத்துப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பர். எனினும் அப்பாறையிலும் வடுக்கள் உண்டு. மோயாறு, பவானி, சேலம், ஆத்தூர் வழியாக ஒரு நெடிய மண்டலம் செல்கிறது. மிகப் பழங்காலத்தில் பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நெரிந்த இடம் அது. அவ்வடு உள்ளது என்பதனாலேயே நாளை நடுக்கம் வரும் என்று பொருளில்லை. ஆயினும் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் அதிகாலையில் கோயம்புத்தூர், பாலக்காட்டுப் பகுதியில் தோன்றிய நடுக்கம் ஏறத்தாழ 6 என்னும் அளவினதாய்த் தென்னாட்டின் பெரும்பகுதியை அசைத்தது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் ஒரு நடுக்கம் தோன்றியது. 2018-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் காலையில் சேலம், தருமபுரிப் பகுதிகளிலேயே 3.3 அளவில் சிறு அதிர்வு உணரப்பட்டது. மக்கள் வீடுகளை விட்டு வெளியே ஓடி வந்தனர்.

அமைதியான நிலம் என்ற நம்பிக்கை தக்காணத்தில் இருமுறை பொய்த்தது. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் மகாராட்டிரத்தின் கொய்னா அணைப் பகுதி நடுங்கி ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விடியுமுன் அம்மாநிலத்திலேயே இலாத்தூரை அடுத்த கில்லாரி என்னும் ஊரின் சுற்றுப்புறம் நடுங்கிற்று. மண்சாந்தில் அடுக்கிய கற்சுவர்கள் உறங்குவோர்மீது சரிந்தன. மாண்டவர் ஏறத்தாழ 10,000 பேர். கில்லாரி அதுவரை நாட்டிலேயே நடுக்கம் மிகக் குறைந்த பகுதி என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் 2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அவ்வரைபடத்தைத் திருத்தியது. மிகக் குறைந்ததான முதல் மண்டலத்தை நீக்கிவிட்டு, சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் காட்டியது.

நடுக்கத்தின்போது கட்டடத்தினுள் நிகழ்வது யாது? இதனை இச்சமவெளியின் மக்களுக்கு விளக்குதல் எளிது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இரும்புக் குழாய்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் திடீரெனத் தடையை மிதித்தால் லாரி நிற்கும், குழாய்கள் நில்லா. கயிறும் சங்கிலியும் தளர்ந்திருந்தால் அவை முன்னோக்கி வழுக்கி ஓட்டுநரின் இருக்கையையே துளைத்துவிடும். ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கவும், நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கவும் முயலும் இயல்பை நிலைமம் என்பர். நிலநடுக்கத்தில் இது திரும்பி நிகழ்கிறது. நிலம் திடீரென நகர, கட்டடம் அதனோடு நகர்கிறது. உள்ளிருக்கும் பீரோவோ நின்ற இடத்திலேயே நிற்க முயல்கிறது. அடி நகர்ந்துவிட, தலை பின்தங்குகிறது. அடுத்த நொடியில் நிலம் எதிர்த்திசையில் இழுக்கிறது. இவ்வாறு மாறி மாறி இழுபடும் பொருள் வழுக்கும், அல்லது சாயும்.

எப்பொருள் சாயும் என்பதை எளிய கணக்கினால் மதிப்பிடலாம். பொருளின் ஆழத்தை அதன் உயரத்தால் வகுக்கவேண்டும். 48 சென்டிமீட்டர் ஆழமும் 198 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பீரோவிற்கு விடை ஏறத்தாழ 0.24. அஃதாவது, தரையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 24 விழுக்காட்டைத் தாண்டினால் சீராக நிரப்பப்பட்ட பீரோ ஒருபுறம் எழும்பிச் சாயத் தொடங்கும். பள்ளி நூலகத்தில் 30 சென்டிமீட்டர் ஆழமும் 210 சென்டிமீட்டர் உயரமும் உள்ள புத்தக அடுக்கிற்கோ விடை 0.14 மட்டுமே. 2002-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு மூன்றாம் மண்டலத்தின் பெருநடுக்கத்திற்குக் குறித்த எண் 0.16. புத்தக அடுக்கு தரைத்தளத்திலேயே சாயத் தொடங்கும். பீரோ தரைத்தளத்தில் தப்பிக்கக்கூடும். ஆனால் மாடிக்குச் செல்லச் செல்ல அசைவு பெருகுகிறது. காற்றில் ஆடும் தென்னையின் அடிமரம் அசையாதிருக்க, குருத்து பெரிதும் ஆடுவதைப் போன்றது இது. எனவே தரைத்தளத்தில் நின்ற அதே பீரோ மேல்மாடியில் நில்லாது. மொட்டை மாடியிலுள்ள தொட்டியின் நிலை இன்னும் இடரானது. 1,000 லிட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோகிராம். கூரையின் முடுக்கம் புவியீர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்கு ஆகுமானால், தொட்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை 400 கிலோகிராம் எடைக்கு நிகராகிவிடும். தொட்டி பெரும்பாலும் ஒரு செங்கல் மேடையின்மேல் வெறுமனே வைக்கப்பட்டிருக்கிறது.

கட்டடம் நிலைத்திருந்தும் அதிலுள்ள பொருள் கெட்டதால் விளைந்த இழப்பை உலகம் பலமுறை கண்டுள்ளது. 1964-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் அலாஸ்காவில் நேர்ந்த பெருநடுக்கத்தில், ஆங்கரேஜ் நகரத்துப் பெருங்கடை ஒன்றின் முகப்பில் பொருத்தியிருந்த கான்கிரீட்டுப் பலகைகள் பிடிப்பு விட்டுத் தெருவில் விழுந்தன. கீழே இருந்தோர் உயிரிழந்தனர். இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது கலிபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனையின் வரலாறு. 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் நேர்ந்த நடுக்கத்தில், புதிதாகக் கட்டிய அம்மருத்துவமனை பெருஞ்சேதமுற்றுப் பயனற்றதாயிற்று. அதனை இடித்துவிட்டு மிக உறுதியான புதிய கட்டடத்தை எழுப்பினர். 1994-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் மீண்டும் நடுக்கம் வந்தது. அன்று அம்மருத்துவமனையின் தரையில் பதிவான முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு. கூரையில் பதிவானதோ இரு மடங்குக்கும் மேல். புதிய கட்டடத்தின் தூணும் சுவரும் சிறிதும் தளரவில்லை. பொறியாளர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் தீயணைப்புக்கென அமைத்த நீர்க்குழாய்களும் குளிர்நீர்க் குழாய்களும் உடைந்து, தண்ணீர் மாடி மாடியாக ஒழுகியது. காயமுற்றோர் மருத்துவமனையைத் தேடி வரவேண்டிய அந்நாளில், உள்ளிருந்த நோயாளிகளையே வெளியேற்ற நேர்ந்தது. சுவர் இடியாமையினால் மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாகிவிடாது. விளக்கும் தண்ணீரும் உயிர்வளியும் அதில் இருத்தல் வேண்டும்.

இப்பொருள்களைக் கட்டடத்தோடு பிணைக்கும் கருவியே நங்கூர ஆணி. கப்பலைக் கடலடி நிலத்தோடு பிணைப்பது நங்கூரம் ஆதலின் இப்பெயர் பொருந்தும். கட்டடத் தொழிலாளர் இதனை ஆங்கர் போல்ட்டு என்பர். கடலே இல்லாத இம்மாவட்டங்களில் ஒவ்வொரு இரும்புக் கடையிலும் நங்கூரம் விற்பது ஒரு வேடிக்கைதான்.

இதில் மிகப் பழகிய வகையை மாணவர்கள் நாள்தோறும் தலைக்குமேல் காண்கின்றனர். தளம் போடும்போதே கம்பிகளோடு சேர்த்து வளைத்து வைக்கும் மின்விசிறிக் கொக்கியே அது. கான்கிரீட்டு அதனைச் சுற்றி இறுகிவிடுவதால் அது தளத்தின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. லாரியின் கூண்டினை அடிச்சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் யு போல்ட்டின் உறவினன் என்று இதனைக் கூறலாம். இயந்திரங்களுக்கும் மின்மாற்றிகளுக்கும் இவ்வாறே முன்கூட்டி ஆணிகளைப் புதைத்து வைத்தல் சாலச் சிறந்தது. ஆனால் எப்பொருள் எங்கு வரும் என்பது கட்டும்போது பெரும்பாலும் தெரிவதில்லை. பின்னர்த் துளையிட்டுப் பொருத்தவேண்டிய நிலை அதனால் உண்டாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர், சணல்நாரைப் பிசினால் இறுக்கிச் சிறு குழல் போன்ற முளையைச் செய்தார். துளையில் அதனை நுழைத்துத் திருகாணியை முறுக்கினால் முளை விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்பொருள்களைப் பொருத்துவதற்காக அவர் அதனைக் கண்டறிந்தார் என்பர். கடைகளில் விற்கும் ராவல் பிளக்கு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. படத்தையும் கடிகாரத்தையும் மாட்ட அது போதும். ஒரு தொட்டியையோ பீரோவையோ நடுக்கத்திற்கு எதிராகப் பிடித்து நிறுத்த அது போதாது.

பளுவான பொருளுக்கு இருவகை ஆணிகள் பயன்படுகின்றன. ஒன்று, எஃகினால் ஆகிய விரியும் ஆணி. அதன் மரையை முறுக்க முறுக்க, கூம்பு வடிவமான அடிப்பகுதி மேலே இழுபட்டு, சுற்றியுள்ள தகட்டை விரித்துத் துளையின் சுவரில் அழுத்தும். மற்றொன்று, துளையில் இரசாயனப் பிசினை நிரப்பி அதில் ஆணியைச் செருகிவிடுவது. பிசின் இறுகியதும் ஆணியும் கான்கிரீட்டும் ஒன்றாகிவிடும்.

ஆணி எஃகினால் ஆயினும் அதன் வலிமை பெரும்பாலும் கான்கிரீட்டின் கையில் உள்ளது. கான்கிரீட்டு அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. இழுப்பைத் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலிமையே உடையது. ஆணியை அளவுக்கு மேல் இழுத்தால், அது தனியே உருவிக்கொண்டு வராமல், தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கவிழ்த்த கூம்பு வடிவில் பெயர்த்துக்கொண்டு வரும். அக்கூம்பின் வாய் ஆணியிலிருந்து ஒவ்வொரு புறமும் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு பரவும் என்று கணக்கிடுவர். 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஆணிக்கு ஒவ்வொரு புறமும் 12 சென்டிமீட்டர் கான்கிரீட்டு வேண்டும். தூணின் விளிம்பில், நான்கு விரற்கடை தள்ளி ஆணி அடிப்பவர் அக்கூம்பின் ஒரு பகுதியை இழந்துவிடுகிறார். இரண்டு ஆணிகளை 24 சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் பொருத்தினால் இரண்டும் ஒரே கூம்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆழத்தை இருமடங்காக்கினால் கூம்பின் வலிமை ஏறத்தாழ 2.8 மடங்காகும். ஆகவே தடித்த குட்டை ஆணியைக் காட்டிலும் ஆழமாகச் செல்லும் ஆணியே பெரும்பாலும் மேலானது. மேற்பூச்சின் கனம் இந்த ஆழத்தில் சேராது. ஒன்றரை சென்டிமீட்டர் பூச்சைத் துளைத்துவிட்டு அதனையும் ஆழத்தில் எண்ணிக்கொள்வது தொழிலில் அடிக்கடி நேரும் பிழை. சுவர் செங்கல்லாயின் இக்கணக்கே பொருந்தாது. அங்கே தூணையோ உத்தரத்தையோ தேடிச் செல்லுதல் நலம்.

நடுக்கம் மேலும் ஓர் இடரை விளைவிக்கிறது. உத்தரமும் தூணும் வளைந்து நிமிரும்போது கான்கிரீட்டில் மயிரிழை விரிசல்கள் தோன்றி, விரிந்தும் மூடியும் வரும். அவ்விரிசல் ஆணியின் துளை வழியே சென்றால் பிடி தளரும். அதனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடுக்கத்திற்கென விற்கும் ஆணிகளை விரிசலுள்ள கான்கிரீட்டில் பொருத்தி, மாறி மாறி இழுத்துச் சோதித்துச் சான்று வழங்கும் முறை ஏற்பட்டது. விலை மலிவான ஆணிக்கும் சான்று பெற்ற ஆணிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மிகச் சிறிது.

இனி, துளை. பெருந்தவறுகள் நேர்வது இங்கேதான். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று பாறையைத் துளைக்கின்றன. அவ்வண்டியில் துளைக்கும் பொறிக்கு நிகரான இடம் காற்றழுத்தப் பொறிக்கும் உண்டு. பொடியான கல்லை அழுத்தக் காற்று மேலே ஊதித் தள்ளாவிடில், துளை தன் தூளாலேயே அடைபட்டுவிடும் என்பதை அத்தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிவர். அதே உண்மை விரல் பருமனுள்ள துளைக்கும் பொருந்தும். கான்கிரீட்டைத் துளைத்தவுடன் துளையினுள் மாவு போன்ற தூள் படிந்திருக்கும். அதனை ஊதி, தூரிகையால் தேய்த்து, மீண்டும் ஊதி நீக்கவேண்டும். நீக்காது பிசினை நிரப்பினால் பிசின் தூளைப் பற்றிக்கொள்ளும், கான்கிரீட்டைப் பற்றாது. மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். துளையிடும்போது கம்பி இடறினால் கம்பியை அறுக்கலாகாது. துளையைச் சாந்தால் அடைத்துவிட்டுச் சற்றுத் தள்ளித் துளைக்கவேண்டும்.

பிசினின் தன்மையையும் அறிந்திருத்தல் வேண்டும். 2006-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கப்பாதையில், மேற்கூரையாகத் தொங்கவிட்டிருந்த கான்கிரீட்டுப் பலகைகள் ஓடிக்கொண்டிருந்த ஊர்தியின்மேல் விழுந்து ஒரு பெண்மணி உயிரிழந்தார். அன்று நிலம் நடுங்கவில்லை. பலகைகளைத் தாங்கிய ஆணிகள் விரைவில் இறுகும் ஒருவகைப் பிசினால் பொருத்தப்பட்டிருந்தன. இடைவிடாத பளுவின்கீழ் அப்பிசின் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து ஆணிகளை விட்டுவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது.

இவ்வளவு நுட்பம் வேண்டுமெனினும் செலவு பெரிதன்று. பீரோவின் தலைப்பகுதியை இரண்டு எஃகுக் கோணங்களால் பின்னுள்ள கான்கிரீட்டோடு பிணைத்தால் அது சாயாது. புத்தக அடுக்குகளைச் சுவரோடு பிணைப்பதுடன், ஒன்றோடொன்றும் உச்சியில் இணைக்கலாம். உயிர்வளி உருளைகளுக்கு மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் ஆக இரண்டு சங்கிலிகள் வேண்டும். ஒரு சங்கிலி மட்டும் இருந்தால் உருளை அதனடியில் நழுவிச் சாயும். மாடித் தொட்டியைப் பட்டைகளால் வளைத்துத் தளத்தோடு இறுக்கலாம். ஆனால் தொட்டியையும் தரையில் செல்லும் குழாயையும் விறைப்பான குழாயால் இணைத்தல் கூடாது. வளையக்கூடிய இணைப்பே நடுக்கத்தில் உடையாமல் தப்பும். மழையும் வெயிலும் படும் ஆணிகள் துத்தநாகம் பூசியனவாகவோ துருவேறா எஃகினாலோ இருத்தல் வேண்டும். அவ்வெஃகைச் செய்யும் உருக்காலையே சேலத்தில் இருக்கிறது.

கைப்பிடிச் சுவரை மட்டும் ஆணியால் காக்க இயலாது. தளத்திலிருந்து எழும் கம்பிகளைச் சுவரினுள் விட்டுக் கட்டினால்தான் அது நிற்கும். இதனைக் கட்டும்போதே செய்தாகவேண்டும்.

பொருத்திய பின்னரும் ஆணியை மறந்துவிடுதல் தகாது. விசைத்தறிக் கூடங்களில் தறியைத் தரையோடு பிணைத்திருக்கும் மரைகள் ஓயாத அதிர்வினால் தளர்வதை நெசவாளர் அறிவர். திருகுச்சாவியால் அடிக்கடி இறுக்குவர். பெரிய மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் சில ஆணிகளைத் தேர்ந்தெடுத்து, நீர்ம அழுத்தப் பொறியால் குறித்த அளவு இழுத்துப் பார்க்கின்றனர். அளவுமானியின் முள் ஏறும்போது ஆணி சிறிதும் மேலெழவில்லையாயின் அது தேறியது. பின்னர் மரையை உரிய அளவுக்கு முறுக்கி, மரையின்மீதும் அதனடியிலுள்ள தகட்டின்மீதும் சேர்ந்தாற்போல் வண்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிடுகின்றனர். ஆண்டுதோறும் பார்வையிட வருபவர் அக்கோட்டை நோக்கினால் போதும்; கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் மரை நழுவியிருக்கிறது என்று பொருள்.